ஜெஃப்டாட்டா, அகச்சிவப்பா?

மணலிப் பக்கம் எரிபொருள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பது இது: விமான எரிபொருள் சூட்டில் எப்படிக் கெடுகிறது என்று பார்க்க ஜெஃப்டாட் போதாதா?

ஜெஃப்டாட் என்பது ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி3241 சோதனை. பெரும்பாலும் 260 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள சின்ன அலுமினியக் குழாய்மேல், நிமிடத்துக்கு 3 மில்லி வீதம் இரண்டரை மணி நேரம் எரிபொருள் ஓடும். பிறகு குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கெட்ட எரிபொருள் என்றால் வெள்ளிப் பளபளப்பின் நடுவே டீக்கறை மாதிரி படிவு தெரியும். படிவின் நிறம் நிற அளவுகோலில் 3-ஆம் எண்ணுக்குக் கீழே, எரிபொருள் கடந்து போகும் வடிகட்டியில் அழுத்த வித்தியாசம் 25 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருந்தால் தேறும். ஏன் தேறவில்லை என்று மட்டும் அது சொல்லாது.

அங்கேதான் அகச்சிவப்பு நிறமாலை, அதாவது எரிபொருள் எந்த அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வரையும் கோடு, எனக்குப் பிடிக்கும். சூடான எரிபொருளின் கோட்டிலிருந்து புதியதன் கோட்டைக் கழித்தால், 1710 அலை எண்ணை (செ.மீ.⁻¹) ஒட்டிக் கார்போனைல் மேடு, அதாவது கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பின் அடையாளம், எழும்பும். அமிலமும் கீட்டோனும் உருவாகின்றன என்று அர்த்தம். கொஞ்சம் மாதிரி, சில நிமிடம் போதும். மணிக்கொரு தரம் எடுத்தால் ஆக்சிஜனேற்றத்தின் வேகமே தெரிந்துவிடும்.

ஆனால் மேடு பெரிது என்றால் படிவும் அதிகம் என்று நம்பிவிடாதீர்கள். ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்த எரிபொருள் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்தும் குறைவாகவே படியும். கந்தகச் சேர்மங்களும் பீனால்களும் மிகுந்தது மெதுவாக அடைந்தும் நிறையப் படியலாம்.

சான்றிதழுக்கு ஜெஃப்டாட்தான். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எவ்வளவு சேர்ப்பது என்று முடிவெடுக்க நான் அகச்சிவப்பைத்தான் முதலில் ஓட்டுவேன்.