பிக்கப் வெச்சிருக்கவங்க கொஞ்சம் படிங்க: முன் வீல் சஸ்பென்ஷன் மாத்துறேன்னு 38,500 ரூபாய முழுங்கிட்டாங்க

38,500 ரூபா. பழைய பால் ஜாயின்ட்டை (வீலையும் ஆர்மையும் சேக்கற உருண்டை மூட்டு) தொடச்சு கருப்பு பெயின்ட் அடிச்சு அதே எடத்துல விட்டதுக்கு என்கிட்ட 38,500 ரூபா வாங்கியிருக்காங்க. இன்னிக்குக் காலைல தான் தெரிஞ்சுது, வயிறு எரியுது, அதான் உடனே எழுதறேன். கடை பேரு போடல, புகார் குடுத்திருக்கேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். கீழ சமவெளில மெயின் ரோட்டு மேல கண்ணாடி ஆபீஸ், ஏசி ரூம் எல்லாம் வெச்சு எல்லாக் கம்பெனி வண்டியும் பாக்கற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புனு மட்டும் வெச்சுக்கோங்க.

நான் கேத்தி பக்கம். முன்னாடி காயில் ஸ்பிரிங், வீலத் தாங்க மேல ஒரு ஆர்ம் கீழ ஒரு ஆர்ம் இருக்கற பிக்கப். கேரட், பீட்ரூட், உருளைக்கெழங்கு ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டில எறக்கறது தான் பொழப்பு. குன்னூர்ல இருந்து பர்லியார், கல்லார் வரைக்கும் லோடோட எறங்கறப்ப வெயிட்டு பூரா முன்னாடி வந்து சாயும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் பிரேக் புடிக்கப் புடிக்க அந்த லோயர் ஆர்ம் புஷ்ஷும் (ஆர்ம் போல்ட்டைச் சுத்தி இருக்கற ரப்பர்) பால் ஜாயின்ட்டும் தான் அத்தனையும் தாங்கணும், சீசன்ல கோத்தகிரி வழியா எறங்கச் சொன்னாலும் இதே கதை தான். ஐப்பசி மழைல ரோடு குண்டும் குழியுமா ஆனதுக்கப்புறம் முன்னாடி லெஃப்ட்ல டொக்கு டொக்குனு சத்தம் வர ஆரம்பிச்சுது, ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது, டயர் உள் ஓரம் மட்டும் தேயுது. இது தள்ளிப் போடற வேலை கெடையாது. கீழ் பால் ஜாயின்ட் கழண்டுச்சுன்னா வீல் அப்படியே மடங்கிரும், கைல ஸ்டியரிங் இருந்தும் பிரயோஜனம் இல்ல, எங்க ரோட்டுல ஒரு பக்கம் பாறை மறுபக்கம் பள்ளம்.

நான் எந்த எடத்துல நம்புனேன்னு சொல்லியே ஆகணும். அங்க இருந்த சூப்பர்வைசர் பையன் நேரா வண்டிக்கு அடில போனான், லோயர் ஆர்முக்குக் கீழ ஜாக்கி குடுத்து வீலத் தூக்குனான், "அண்ணா நீங்களே புடிச்சு ஆட்டிப் பாருங்க"ன்னான். டயருக்கு மேல ஒரு கை கீழ ஒரு கை வெச்சு ஆட்டுனேன், லொட லொடன்னு ஆடுது. அப்புறம் ஒருத்தனை உள்ள உக்கார வெச்சு பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு மறுபடியும் ஆட்டச் சொன்னான், அப்பவும் ஆட்டம் நிக்கல. "பாத்தீங்களாண்ணா, பிரேக் மிதிச்சதும் நின்னுட்டா வீல் பேரிங், நிக்கலன்னா பால் ஜாயின்ட், தேவையில்லாம பேரிங்குக்கு உங்க காசக் கரைக்க மாட்டேன்"னான். அவன் சொன்னது அத்தனையும் சரி. வேலை தெரிஞ்சவன் தான், அது தான் எனக்குத் தாங்கவே முடியல. எது தேஞ்சிருக்கு, அது கழண்டா என்ன ஆகும்னு அவனுக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சே அதே தேஞ்ச சாமானோட வண்டிய மலைக்கு அனுப்பியிருக்கான். "மலை எறங்கற வண்டிண்ணா, இதுல போயி வெளையாடுவேனா, எனக்கும் கொழந்த இருக்கு"ன்னு சொன்னான். அந்த வார்த்தைக்குத் தான் பணத்த எடுத்துக் குடுத்தேன்.

மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ் செட்டு, லிங்க் ராடு, டை ராட் எண்டு, முன்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டு, லேபர், அலைன்மென்ட்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மொத்தம் 38,500. பாதி ஜிபேல அப்பவே, மீதி வண்டி எடுக்கறப்ப. எடுக்கப் போனப்ப அடில குனிஞ்சு பாத்தேன், எல்லாம் கருகருன்னு புதுசா மின்னுது, ஒரு சாக்குல பழைய சாமானயும் கொட்டிக் காமிச்சான். பில்லு கேட்டேன். "சிஸ்டம் வேலை செய்யலண்ணா, வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்". இன்னிக்கு வரைக்கும் வரல.

சத்தம் திரும்ப வந்துருச்சு, அதே லெஃப்ட், அதே டொக்கு. போன் பண்ணா "புது புஷ்ணா, செட் ஆகற வரைக்கும் அப்படித் தான் இருக்கும்". அப்புறம் "உங்க ரோடு அப்படிண்ணா, நாங்க என்ன பண்ண". அப்புறம் "லோடு எவ்ளோ ஏத்தறீங்க?" அதாவது தப்பு என் மேலயாம். அதுக்கப்புறம் போனே எடுக்கறதில்ல, மெசேஜ் பாத்ததுக்கு ப்ளூ டிக் மட்டும் விழும். லோடு எறக்கிட்டு நேர்லயே போனேன், ஜாப் கார்டு (வண்டி விடறப்ப குடுக்கற வேலைச் சீட்டு) நம்பர் சொல்லுங்கங்கறாங்க, எனக்கு ஜாப் கார்டே குடுக்கல. ஓனரு வெளியூராம், அந்த சூப்பர்வைசர் வேலைய விட்டே நின்னுட்டானாம், அவன் பைக்கு வாசல்ல தான் நிக்குது. ஏசி ரூம்ல உக்கார வெச்சு டீ குடுத்தாங்க, பதில் மட்டும் குடுக்கல.

இன்னிக்குக் காலைல எங்க ஊரு மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். பெட்ரோல் நனைச்ச துணிய வெச்சு பால் ஜாயின்ட்ட ஒரு தொட தொடச்சார், கருப்பு அப்படியே துணியோட வந்துருச்சு. அத மூடியிருக்கற ரப்பர் பூட் மடிப்புல எங்க தோட்டத்து வழில இருக்கற செம்மண்ணு, காஞ்சு ஒட்டிக்கிட்டு அப்படியே இருக்கு. பூட் கிழிஞ்ச எடத்துல பசை போட்டு ஒட்டியிருக்காங்க, கிழிஞ்ச பூட்டுக்குள்ள தண்ணி எறங்கி கிரீஸ் எல்லாம் எப்பவோ போயிருச்சு. நட்டு மேலயும் ஆர்ம் மேலயும் பெயின்ட்டு ஒரே படலமா விடாம ஓடுது, அப்படின்னா பெயின்ட் அடிச்சதுக்கப்புறம் அதுல ஸ்பேனரே படல. நட்டு கழறாம தடுக்கற ஸ்ப்ளிட் பின்னும் அதே துருப்பிடிச்ச பழைய பின்னு. ஷாக் அப்சார்பர்ல பெயின்ட்டு மேலயே ஆயில் கசிஞ்சு வழியுது. சாக்குல காமிச்ச பால் ஜாயின்ட்டு மூணு போல்ட்டு, எங்க வண்டிது நாலு போல்ட்டு, எவனோட வண்டிச் சாமானோ தெரியல. மொத்தத்துல புதுசு எதுன்னா ரெண்டு லிங்க் ராடும் ஒரு டை ராட் எண்டும். அதுக்கு 38,500 ரூபாயா?

அண்ணன் கைல புடிச்சு ஆட்டிக் காமிச்சுட்டு, "இதோடயா லோடு எறக்கிட்டிருந்த, உங்க அம்மா கும்புட்ட சாமி தான் காப்பாத்தியிருக்கு"ன்னார். எனக்கு வாய்ல வார்த்தையே வரல. இப்ப மறுபடியும் காசு போட்டு மாத்தறோம். புஷ் போல்ட்ட எல்லாம் வண்டிய தரைல எறக்கி நிக்க வெச்சப்புறம் தான் கடைசி டைட் வெக்கணுமாம், தூக்கி வெச்சே டைட் பண்ணா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சுரும்னார். இதெல்லாம் கூட நின்னு பாக்க விட்டா தானே தெரியும், அங்க "கஸ்டமர் உள்ள வரக்கூடாது"ன்னு போர்டு.

எப்படி எப்படி செக் பண்ணணும்னு வரிசையா எழுதணும்னு தான் நெனச்சேன், ஆனா மண்டில இருந்து போன் மேல போன், வாடகை வண்டி புடிச்சாவது கேரட் எறக்கணும், அதனால சுருக்கமா சொல்லிடறேன். வண்டிய விடறதுக்கு முன்னாடி பழைய சாமான்ல சென்டர் பஞ்ச்ல (இரும்புல புள்ளி குத்தற ஊசி மாதிரி டூல்) ஒரு குத்து வெச்சு போட்டோ எடுத்துக்கோங்க, திரும்பத் தர்ற பழைய சாமான்ல அந்தக் குத்து இருக்கணும். புது சாமான் டப்பாவ உங்க முன்னாடி தான் பிரிக்கணும், பார்ட் நம்பர் பில்லுல ஏறணும். வீல் அலைன்மென்ட் பண்ணேன்னா, பண்றதுக்கு முன்னாடி எவ்ளோ பண்ணதுக்கப்புறம் எவ்ளோன்னு பிரின்ட் வரும், கேட்டு வாங்குங்க. ஜிஎஸ்டி பில்லு கைக்கு வராம மிச்சக் காசு குடுக்காதீங்க. ஏற்கனவே குடுத்துட்டு நிக்கறவங்க நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க, நுகர்வோர் கோர்ட்டுக்கு 2 வருஷத்துக்குள்ள போகலாம், கடை எங்க இருந்தாலும் நம்ம இருக்கற ஊர்லயே கேஸ் போடலாம்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு, நமக்கு ஊட்டியே போதும், கீழ அலைய வேண்டியதில்ல, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கெடையாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிச்சுடாதீங்க, என்கிட்ட இப்ப இருக்கறதே அது தான்.

சமீபத்துல யாராவது கீழ சமவெளில ஒர்க்‌ஷாப்புல வண்டிய விட்டு வேலை பாத்துட்டு வந்திருந்தா, இன்னிக்கே பெட்ரோல் துணியோட வண்டிக்கு அடில போயி பால் ஜாயின்ட்ட தொடச்சுப் பாருங்க. லோடு ஏத்தறதுக்கு முன்னாடி.