பழைய இரும்பு எக்ஸாஸ்ட் ஃபேனா, புது பிளாஸ்டிக் ஃபேனா? செட்டிநாட்டு அடுப்படிக்கு ஓர் அலசல்

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைப் படைப்புக்காக (முன்னோருக்குப் படையலிடும் குடும்ப வழிபாடு) திறந்து, கந்தரப்பத்துக்கு எண்ணெய்ச்சட்டி ஏற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டால், எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமும், சுற்றாது. செட்டிநாட்டு வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். உடனே யாராவது ‘கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசாக பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்குங்கள்’ என்பார்கள். எங்கள் அடுப்படியில் பழைய 12 அங்குல இரும்பு ஃபேனையே சரிசெய்து வைத்துக்கொண்டோம். அடுப்படிக்கு அதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிளாஸ்டிக் ஃபேன் விலை குறைவு, எடை குறைவு, சத்தமும் குறைவு. இதில் வாதமே இல்லை. ஆனால் பழுதாகும்போது எது திறந்து கொடுக்கும், எது குப்பைக்குப் போகும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இரும்பு ஃபேனில் பழுது வரும் இடங்கள் குறைவு. உறுமிக்கொண்டு நின்றால் முதலில் ஸ்விட்சை அணையுங்கள். நின்ற மோட்டாரில் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தால் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) கருகிவிடும். மெயினையும் அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கோளாறு புஷ்ஷில், அதாவது ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையத்தில். ஓடாமல் கிடந்த மாதங்களில் பழைய எண்ணெயும் அடுப்புப் பிசுக்கும் சேர்ந்து ஷாஃப்டைச் சுற்றிப் பசையாக உறைந்திருக்கும். மோட்டாரின் இரண்டு மூடிகளையும் கழற்றி, புஷ்ஷையும் ஷாஃப்டையும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு புஷ்ஷைச் சுற்றியுள்ள ஃபெல்ட் வளையத்தில் தையல் மிஷின் எண்ணெய், பக்கத்துக்கு நாலைந்து சொட்டு. தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது நாளடைவில் பிசினாகி மறுபடி இறுக்கும்.

இறக்கை தாராளமாகச் சுற்றியும் மோட்டார் உறுமினால் கோளாறு கண்டென்சரில்தான், மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் சிறு மின்பாகம் அது. அதன் மேல் 2.5 அல்லது 4 மைக்ரோஃபாரட் என்பது போல ஓர் எண் இருக்கும். அதே அளவில், 440 வோல்ட் ஏசி என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பெரியதாகப் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து மாற்றுகிறவர்கள் உண்டு. காயில் சூடாவதுதான் மிச்சம். பழையதைத் தொடுமுன் அதன் இரண்டு முனைகளையும், பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் ஒரு முறை இணைத்து, மின்சாரத்தை வடித்துவிட வேண்டும்.

சத்தமே இல்லையென்றால் ஸ்விட்சு, ஒயர் இணைப்பு என்று வரிசையாக டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் காயில் அறுந்திருக்கும். அதைப் புதுக் கம்பியால் சுற்றித் தருவதுதான் ரீவைண்டிங். அது முடிந்து வந்த ஃபேன் நன்றாகச் சுற்றியும் புகையை இழுக்காவிட்டால், இரண்டு காயில்களில் ஒன்றின் முனைகள் மாறி, எதிர்த்திசையில் ஓடுகிறது என்று அர்த்தம். கடையிலேயே ஒரு காகிதத்தைப் பிடித்துச் சோதித்துவிடுவது நல்லது.

பிளாஸ்டிக் ஃபேனில் இதே உறைதல் வந்தால் வழி குறுகல். பல மாடல்களில் மோட்டார் உறையை ரிவிட் அடித்தே மூடியிருப்பார்கள். சிலவற்றில் காயிலுக்குள் வெப்ப ஃபியூஸ் புதைந்திருக்கும், ஒரு முறை சூடேறி அறுந்தால் அதோடு சரி. கழுவுவதிலும் சிக்கல்: தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகும், கொதிநீரில் இறக்கை கோணும். இரும்பு ஃபேனின் இறக்கையைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்க்கலாம் (மோட்டாரில் நீர் படக்கூடாது). இறக்கை அலுமினியமாக இருந்தால் காஸ்டிக் சோடா ஆகாது, அரித்துவிடும்.

சுவரையும் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் 12 அங்குல ஓட்டை ஏற்கெனவே இருக்கும். 6 அங்குல பிளாஸ்டிக்குக்காக அதைப் பலகை வைத்து அடைத்தால் காற்றும் குறையும். 12 அடிக்கு 14 அடி, உயரம் 11 அடி என்றால் அடுப்படி சுமார் 52 கன மீட்டர். மணிக்கு 15 முறை காற்று மாற 780 கன மீட்டராவது இழுக்க வேண்டும். 6 அங்குல ஃபேன்கள் பெரும்பாலும் 300-ஐ ஒட்டியே நிற்கும். எந்த ஃபேனானாலும் எதிரே ஒரு ஜன்னல் திறந்திருந்தால்தான் இழுக்கும்.

குளியலறைக்கு என் வாதம் பொருந்தாது. அங்கே பிசுக்கு இல்லை, ஈரம்தான். துருப்பிடிக்காத 6 அங்குல பிளாஸ்டிக்கே போதும். இரும்பை அங்கே மாட்டினால் எர்த் இல்லாமல் மாட்டவே கூடாது. அடுப்படியிலும் அப்படித்தான். BLDC வகை (சர்க்யூட் போர்டு வைத்து ஓட்டும் மோட்டார் கொண்டது) கரண்ட் மிச்சம் பிடிக்கும், ஆனால் பிசுக்கும் சூடும் உள்ள இடத்தில் அதன் சர்க்யூட் போர்டு எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லுமளவுக்கு இங்கே யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை.

பழையதை விட்டுவிட வேண்டிய கட்டமும் உண்டு. ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடி, புது புஷ் போட்டும் ஆட்டம் நிற்காவிட்டால் ஷாஃப்டே தேய்ந்துவிட்டது. ரீவைண்டிங் கூலி புது இரும்பு ஃபேன் விலையில் பாதியைத் தாண்டினாலும் புதுசுதான் லாபம். அப்போதும் அதே 12 அங்குலத்தில், மோட்டார் மூடி திருகாணியால் பூட்டியதாகப் பார்த்து, கடையிலேயே பின்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். வீட்டைப் பூட்டிக் கிளம்பும் நாளில் இறக்கையைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டால் அடுத்த படைப்புக்கு உறைந்திருக்கும் வாய்ப்பு குறையும்.