புராக்டோஸ்கோப்பி போதுமா, கொலோனோஸ்கோப்பி வேண்டுமா?

மலத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் "மூலம்தான்" என்று தாங்களே முடிவு கட்டி, களிம்பு பூசியே மாதக்கணக்கில் காலம் கடத்துகிறவர்கள் நிறைய பேர். அது மூலமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் குழப்பம்.

முதலில் விரல் பரிசோதனை. இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கூச்சப்பட்டு இதை மறுக்காதீர்கள்; மலக்குடலின் அடிப்பகுதியில் கட்டி இருந்தால் பல நேரம் விரலிலேயே தட்டுப்படும். ஆனால் உள்மூலம் மெத்தென்று அமுங்கிவிடும், விரலுக்குப் பிடிபடாது.

அதற்குத்தான் புராக்டோஸ்கோப். விரல் நீளமுள்ள குழாயை உள்ளே விட்டு, வெளிச்சத்தில் பார்த்தபடியே மருத்துவர் மெல்ல வெளியே இழுப்பார். முக்கச் சொல்வார். அப்போது மூலம் குழாய்க்குள் பிதுங்கி வரும். ரத்தம் கசியும் இடம்கூடத் தெரியும். பட்டினி வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். ஆசனவாயில் வெடிப்பு இருந்து வலி தாங்கவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடுவார்கள். மூலத்தைப் பார்ப்பதற்கு, நீண்ட கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியைவிட இதுவே மேல் என்பேன்.

ஆனால் அதற்கு மேலே இருப்பது எதுவும் இதில் தெரியாது. சிக்மாய்டோஸ்கோப்பி என்ற இன்னொரு கேமராக் குழாய் சோதனை சுமார் 60 செ.மீ. வரை, பெருங்குடலின் இடப்பக்கத்தைக் காட்டும். கொலோனோஸ்கோப்பி முழுப் பெருங்குடலையும் காட்டும். பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி) இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம், சந்தேகமான இடத்தில் சதை எடுத்துச் சோதிக்கலாம். முந்தைய நாள் பேதி மருந்து குடித்துக் கழிவறைக்கு அலைவதுதான் பெரும்பாடு. குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் உண்டு, ஆனால் அபூர்வம்.

இளவயது, மலச்சிக்கல், பளிச்சென்ற சிவப்பு ரத்தம், குழாயில் மூலமும் தெரிகிறது, வேறு அறிகுறி இல்லை என்றால் பெரும்பாலும் அதற்கு வைத்தியம் பார்த்துவிட்டுப் பொறுத்துப் பார்க்கலாம். சிகிச்சைக்குப் பிறகும் ரத்தம் நிற்காவிட்டால் மேலே பார்த்தே ஆக வேண்டும். 45 வயதைத் தாண்டியவர், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உள்ளவர், ரத்தசோகை, எடை குறைவு, மலம் போகும் பழக்கத்தில் மாற்றம் இருப்பவர் என்றால், மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் கொலோனோஸ்கோப்பியைத் தவிர்க்கக் கூடாது. ஒரே ஆளுக்கு மூலமும் இருக்கலாம், மேலே புற்றுநோயும் இருக்கலாம்.

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் சோதனையை மட்டும் இங்கே நம்பி இருக்க முடியாது. ரத்தம்தான் கண்ணுக்கே தெரிகிறதே. அதில் 'இல்லை' என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது.

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாகப் போனால் கசிவு பெரும்பாலும் இரைப்பைப் பக்கம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.