போர் கெடுத்த மண்ணுக்கு எது வழி: தடையா, கேஸா, நஷ்டஈடா?

போரும் சுற்றுச்சூழலும்னு பேச்சு எடுத்தா பாதி நேரம் ஒரே இடத்துல நின்னுடுது, ஆளுங்களே சாகுறப்ப மண்ணையும் மரத்தையும் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பாங்க. எனக்கு அதுல துளிகூட உடன்பாடு இல்ல. வியட்நாம்ல அமெரிக்க விமானங்க 1962லேர்ந்து 1971 வரைக்கும் 7 கோடி லிட்டருக்கு மேல களைக்கொல்லி தெளிச்சாங்க. குறி வச்சது காட்டையும் பயிரையும்தான். ஆனா அதுல முக்கியமான களைக்கொல்லி ஏஜென்ட் ஆரஞ்சு, அதுல கலந்திருந்த டையாக்சின்ங்கற விஷம் மண்ணுலேர்ந்து குளத்துக்குப் போச்சு, குளத்துலேர்ந்து மீனுக்கு, மீனுலேர்ந்து தாய்ப்பாலுக்கு. இதுல மண்ணு வேற மனுஷன் வேறன்னு எங்க கோடு போடுவீங்க?

சரி, இத ஒத்துக்கிட்டாலும் அடுத்த கேள்வி நிக்குது. கெடுத்தவன என்ன பண்றது, கெட்டத யாரு சரி பண்றது? உலகம் இதுவரைக்கும் மூணு வழி பாத்திருக்கு. முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுத் தடுக்குறது, அப்புறமா குற்றவாளியா நிறுத்தி தண்டிக்கிறது, இல்லன்னா பணம் கட்ட வைக்கிறது. நான் ரொம்ப வருஷம் ரெண்டாவது கட்சி. இப்ப மாறிட்டேன், ஏன் மாறினேன்னு எழுதத்தான் இது.

தடை ஒப்பந்தம்

வியட்நாம் போர்லயே இன்னொரு கூத்து நடந்துச்சு. 1967லேர்ந்து 1972 வரைக்கும் எதிரியோட சப்ளை பாதைங்க சேறாகணும்னு மேகத்துல ரசாயனம் தூவி மழைக்காலத்த நீட்டிக்கப் பாத்தாங்க. விஷயம் வெளிய வந்ததும் பெரிய சத்தம், 1976ல ஐநா பொதுச்சபை ஒரு ஒப்பந்தத்த ஏத்துக்கிச்சு, 1978ல அமலுக்கு வந்துச்சு, சுருக்கமா என்மோட்னு சொல்வாங்க. இயற்கையையே ஆயுதமா திருப்பக் கூடாதுன்னு அது சொல்லுது. கவனிங்க, இயற்கைய கெடுக்கக் கூடாதுன்னு அது சொல்லல. மழைய வரவழைச்சு எதிரிய மூழ்கடிச்சா தப்பு, குண்டு போட்டதுல காடு எரிஞ்சா அது இதுக்குள்ள வராது.

அந்த ஓட்டைய அடைக்க 1977ல போர் விதிகள சொல்ற ஜெனீவா ஒப்பந்தங்களோட முதல் கூடுதல் நெறிமுறைல ரெண்டு பிரிவு சேத்தாங்க. இங்கதான் ஒரு சின்ன வார்த்தை வேலைய காட்டுது. என்மோட்ல "பரவலான, நீண்டகால அல்லது கடுமையான" பாதிப்புன்னு இருக்கு, மூணுல ஒண்ணு இருந்தா போதும். 1977 நெறிமுறைல "பரவலான, நீண்டகால மற்றும் கடுமையான"ன்னு இருக்கு, மூணும் சேர்ந்தே இருக்கணும். நீண்டகாலம்னா எவ்வளவுங்கறதும் ஒண்ணு இல்ல, என்மோட்ல சில மாசமோ ஒரு பருவமோ போதும், நெறிமுறைய எழுதுனவங்க மனசுல இருந்தது பல பத்து வருஷம். போர் நடக்குறப்பவே இந்த சேதம் இன்னும் முப்பது வருஷம் இருக்கும்னு எவனால நிரூபிக்க முடியும்?

அதுக்காக தடையே வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. 1963ல வந்த அணு சோதனைத் தடைய பாருங்க. வானத்துல வெடிச்ச குண்டுகள்லேர்ந்து விழுந்த ஸ்ட்ரான்சியம்-90 புல்லுல படியும், மாட்டுப்பால்ல வரும், கால்சியம் மாதிரியே நடந்துக்கிறதால குழந்தைங்க எலும்புலயும் பல்லுலயும் போய் உக்காரும். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஊர்ல 1958லேர்ந்து குழந்தைங்களோட விழுந்த பால்பல்ல லட்சக்கணக்குல சேகரிச்சு அளந்தாங்க, வருஷம் ஏற ஏற அளவும் ஏறிக்கிட்டே போனது தெரிஞ்சுது. காத்துலயும் தண்ணிக்கடியிலயும் விண்வெளியிலயும் சோதனை கூடாதுன்னு அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூணும் கையெழுத்து போட்டதுக்கு ராஜதந்திரக் காரணம் ஆயிரம் இருக்கலாம், ஆனா கையில ஒரு எண் இருந்துச்சு, அம்மாக்களுக்குப் புரியுற எண். இதே மாதிரி ரசாயன ஆயுதத் தடை, 1997ல அமலுக்கு வந்தது, அதுக்குன்னு தி ஹேக்ல ஒரு நிறுவனம், நேர்ல போய் எண்ணிப் பாக்குற இன்ஸ்பெக்டர்கள். நாடுங்க கணக்கு காட்டின 72,000 டன்னுக்கு மேலான ரசாயனம் மொத்தமும் 2023 ஜூலைல அழிச்சு முடிஞ்சுது. அப்புறமும் சில இடங்கள்ல பயன்படுத்தினாங்கங்கறது உண்மைதான், ஆனா பண்ணினது தெரிய வருது. என்மோட்டுக்கு இந்த மாதிரி இன்ஸ்பெக்டரும் கிடையாது, அளக்குறதுக்கு ஆளும் கிடையாது.

கிரிமினல் கேஸ்

ஆர்தர் கால்ஸ்டன்னு ஒரு தாவர விஞ்ஞானி. சோயாபீன் சீக்கிரம் பூக்கணும்னு மாணவரா இருக்கறப்ப ஒரு ரசாயனத்த ஆராய்ஞ்சாரு, அளவு கூடினா இலை உதிருதுன்னு கண்டுபிடிச்சாரு. அந்த வகை அறிவெல்லாம் பின்னாடி காட்ட மொட்டையடிக்கப் போனத பாத்து மனசு கேக்காம எதிர்த்து நின்னாரு, 1970ல "ஈகோசைடு"ங்கற வார்த்தைய அவர்தான் முன்வச்சாரு. இனப்படுகொலை மாதிரி இது சூழல் படுகொலை. ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்டாக்ஹோம் மாநாட்டுல ஸ்வீடன் பிரதமர் ஒலோஃப் பால்மே அதே வார்த்தைய சொன்னாரு. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், தன் துறை செஞ்ச தப்புக்கு ஒரு விஞ்ஞானி தானே பேர் வச்சாரு.

அந்த மயக்கத்துலதான் இந்தக் கட்சில இருந்தேன். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்த உருவாக்கின 1998 ரோம் சாசனத்துல சூழல் சேதத்த போர்க்குற்றமா சொல்ற ஒரு பிரிவு இருக்கு, ஆனா அங்கயும் அதே "மற்றும்", போதாததுக்கு ராணுவ லாபத்த விட சேதம் தெளிவா அதிகமா இருக்கணும்னு இன்னொரு படி. அந்தப் பிரிவுல இதுவரைக்கும் ஒருத்தர் கூட தண்டிக்கப்படல. 2021ல ஒரு நிபுணர் குழு புது வரையறை எழுதிச்சு, கடுமையானதா இருந்து, கூடவே பரவலாவோ நீண்டகாலமாவோ இருந்தா போதும்னு இளக்கிச்சு. பெல்ஜியம் 2024ல தன் சட்டத்துலயே சேத்துக்கிச்சு, அதே வருஷம் வனுவாட்டு, ஃபிஜி, சமோவா மூணும் சேர்ந்து இத சர்வதேசக் குற்றமாக்கணும்னு முறைப்படி கேட்டாங்க. நல்ல விஷயம், நான் ஆதரிக்கிறேன்.

ஆனா இதுல ரெண்டு குறை எனக்கு இப்ப பெருசா தெரியுது. ஜெயில்ல ஒரு தளபதிய போட்டா ஒரு பிடி மண்ணு கூட சுத்தமாகாது. ரெண்டாவது, கிரிமினல் கேஸ்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், சூழல் அப்படி நேர்கோட்டுல நடந்துக்காது. உக்ரைன் போர்ல ககோவ்கா அணை 2023 ஜூன் 6ல உடைஞ்சப்ப உக்ரைன் தன் சட்டத்துல இருக்குற ஈகோசைடு பிரிவுல விசாரணை ஆரம்பிச்சுது. கீழ வெள்ளம், ஊர் ஊரா மூழ்குச்சு, பாசனம் போச்சு, அதுல கேள்வியே இல்ல. ஆனா மேல வத்திப்போன நீர்த்தேக்கத்தோட படுகைல கொஞ்ச மாசத்துலயே வில்லோ மரக்கன்னுங்க காடா எழும்பிடுச்சு. 1956க்கு முன்னாடி அங்க ஆத்துப் புல்வெளிதான் இருந்துச்சு, அது திரும்பி வருதுன்னு ஒரு பக்கம், பல வருஷம் அடியில படிஞ்ச கன உலோகம் இப்ப வெளிய கிடக்குதேன்னு இன்னொரு பக்கம். ரெண்டுமே உண்மை. கோர்ட்டு ஆமா இல்லன்னு கேக்கும், ஆறு அப்படி பதில் சொல்லாது.

நஷ்டஈடு

இதுல நான் அதிக நேரம் நிப்பேன், ஏன்னா என் மனச மாத்தினது இதுதான். 1991ல ஈராக் படை குவைத்த விட்டுப் போறப்ப 600க்கு மேல எண்ணெய்க் கிணறுக்குத் தீ வச்சுட்டுப் போச்சு, கடைசிக் கிணற நவம்பர்ல தான் அடைச்சாங்க. கடல்ல கொட்டின எண்ணெய் சவுதி கரை நெடுக ஒதுங்குச்சு. அந்த வருஷம் ஏப்ரல்ல பாதுகாப்பு கவுன்சிலோட 687வது தீர்மானம், சூழல் சேதத்துக்கும் இயற்கை வள இழப்புக்கும் ஈராக் பொறுப்புன்னு நேரடியா எழுதிச்சு. இதுல "மற்றும்" சண்டை இல்ல, முப்பது வருஷ நிபந்தனை இல்ல. சேதம் நடந்துச்சா, போரால நடந்துச்சா, அவ்வளவுதான் கேள்வி.

அதுக்கப்புறம் இந்த நஷ்டஈட்ட கணக்கு பாத்துக் குடுக்க ஐநா வச்ச கமிஷன் பண்ணின ஒரு காரியம்தான் எனக்கு முக்கியம். மெயின் கேஸ எடுக்குறதுக்கு முன்னாடியே, 2001ல, அளந்து பாக்குறதுக்கு மட்டும் தனியா 24 கோடி டாலர் கிட்ட குடுத்தாங்க. முதல்ல போய் ஆராய்ஞ்சுட்டு வாங்க, அப்புறம் கேளுங்கன்னு. அந்தப் பணத்துலதான் சவுதி கரையோரம் ஆயிரக்கணக்குல குழி தோண்டிப் பாத்தாங்க, மேல சுத்தமா தெரிஞ்ச சேத்து நிலத்துல நண்டு வளை வழியா எண்ணெய் ஆழத்துக்கு இறங்கி பத்து வருஷம் கழிச்சும் அப்படியே இருந்தது தெரிஞ்சுது. குவைத்துல தீய அணைக்க ஊத்தின கடல்தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து பாலைவனத்துக்கு அடியில இருந்த நல்ல தண்ணிய கெடுத்ததும் தெரிஞ்சுது. இதெல்லாம் கண்ணால பாத்தா தெரியாது.

பன்னெண்டு நாடுங்க சேர்ந்து சூழலுக்காக கேட்டது 8,500 கோடி டாலர் கிட்ட, கிடைச்சது சுமார் 530 கோடி. ஆதாரம் போதலன்னு நிறைய தள்ளிட்டாங்க. சிலர் இத தோல்வின்னு சொல்றாங்க, எனக்கு இது நம்பிக்கை தருது. கேட்டதெல்லாம் குடுத்திருந்தா ஜெயிச்சவன் போட்ட தண்டம்னு ஆகியிருக்கும், இங்க எண்ணப் பாத்துக் குடுத்தாங்க. குடுத்த பணம் சீரமைப்புக்குத்தான் போகுதான்னு கூட கண்காணிச்சாங்க.

அந்தக் கிணறுங்க எரிஞ்ச புகை விஷயத்துல ஒரு பெரிய விஞ்ஞான விவாதமே நடந்துச்சு. புகை மேல ஏறி ஆசியாவோட பருவமழைய கெடுக்கலாம்னு வானியல் விஞ்ஞானி கார்ல் சேகன் எச்சரிச்சாரு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்து பீட்டர் ஹாப்ஸ் குழு விமானத்த எடுத்துக்கிட்டு அந்தப் புகைக்குள்ளயே பறந்து அளந்துச்சு, புகை அவ்வளவு உசரம் ஏறல, மழைக்கு ஆபத்து வரல. சேகன் பின்னாடி தன் கணிப்பு தப்புன்னு தானே எழுதினாரு. ஆனா புகைக்குக் கீழ பகல்லயே இருட்டும் குளிருமா இருந்தது நிஜம். பயத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவுல ஒரு விமானம் போய்தான் உண்மைய எடுத்துட்டு வந்துச்சு.

அளக்காம போனா என்ன ஆகும்ங்கறதுக்கு காங்கோ. உகாண்டா படையெடுப்புக்கு நஷ்டஈடு கேட்டு சர்வதேச நீதிமன்றத்துல 1,100 கோடி டாலருக்கு மேல கேட்டாங்க. 2022 பிப்ரவரில கிடைச்சது மொத்தம் 32.5 கோடி, அதுல இயற்கை வளம் கொள்ளை போனதுக்கு 6 கோடி. காடு அழிஞ்சதுக்குன்னு தனியா கேட்டத ஆதாரம் இல்லன்னு தள்ளிட்டாங்க. அந்தக் காடு அழியலன்னு அர்த்தம் இல்ல, எந்த மரம் யாரால போச்சுன்னு எண்ணி வைக்க அந்த நேரத்துல யாருக்கும் வசதி இல்ல.

இந்த வழியோட குறையையும் மறைக்க விரும்பல. தோத்த நாடு, எண்ணெய் இருக்குற நாடு, வல்லரசுங்க எல்லாம் ஒரே பக்கம், இந்த மூணும் சேர்ந்ததாலதான் ஈராக் கட்டுச்சு, 2022ல தான் மொத்த பாக்கியும் தீந்துது. அதுவும் பொருளாதாரத் தடையால ஈராக் மக்கள் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தவிச்ச காலத்துல எண்ணெய் வருமானத்துல 30 சதவீதம் இதுக்குப் போச்சு. சதாம் உசேன் போட்ட தீக்கு அங்க பிறந்த குழந்தை காசு கட்டுச்சு. இத நினைச்சா எனக்கு இப்பவும் வலிக்குது, அந்த சதவீதத்த முதல்லயே ரொம்பக் கம்மியா வச்சிருக்கணும்.

ஒண்ணுமே பண்ணாம விட்டா?

இயற்கை தானா சரியாயிடும்னு சிலர் சொல்றதுக்கு பிரான்ஸ்ல வெர்டன் பக்கம் ஒரு இடம் போதும். முதல் உலகப் போர் முடிஞ்சு மிச்சமான ரசாயனக் குண்டுகள 1920கள்ல அங்க எரிச்சாங்க. அந்த மண்ணுல இன்னிக்கும் ஆர்செனிக் இருக்கு, சில இடத்துல எடையில 17 சதவீதம் வரைக்கும். சுத்தி காடு, நடுவுல மட்டும் மரமே வளராத ஒரு திட்டு.

வியட்நாம்

இப்ப முதல்ல சொன்ன இடத்துக்கே வரேன், ஏன்னா இந்த மூணு வழியும் கிடைக்காத நாடு அது. தடை பின்னாடி வந்துச்சு. கேஸ் போட்டாங்க, ரசாயன கம்பெனிங்க மேல வியட்நாம்காரங்க போட்ட வழக்க நியூயார்க் கோர்ட்டு 2005ல தள்ளுபடி பண்ணிடுச்சு, அதே கம்பெனிங்க அமெரிக்க முன்னாள் வீரர்களுக்கு 1984லயே 18 கோடி டாலருக்கு சமரசம் பேசி முடிச்சிருந்தாங்க. நஷ்டஈடுன்னு அமெரிக்க அரசு ஒத்துக்கவே இல்ல. கடைசில வந்தது உதவி. டா நாங் விமான தளத்துல பீப்பாய் வச்சு, ஊத்தி, கழுவின இடத்துலதான் விஷம் குவிஞ்சிருக்குன்னு மண்ண அளந்து கண்டுபிடிச்சதுக்கப்புறம் 2012ல வேலை ஆரம்பிச்சாங்க, மண்ண பெரிய கட்டமைப்புக்குள்ள குவிச்சு 335 டிகிரி வரைக்கும் சூடாக்கினாங்க, 2018ல முடிச்சாங்க. சுமார் 90,000 கன மீட்டர், 11 கோடி டாலர். வேலை அருமையா நடந்துச்சு, அத மறுக்கவே முடியாது.

அடுத்து பியன் ஹோவா தளம், அங்க இருக்குறது 5 லட்சம் கன மீட்டர் கிட்ட. 2025 தொடக்கத்துல அமெரிக்கா வெளிநாட்டு உதவிய எல்லாம் நிறுத்தினப்ப அந்த வேலையும் அப்படியே நின்னுச்சு, தோண்டின குழி திறந்து கிடக்க, மழைக்காலம் நெருங்கிட்டு இருந்துச்சு. அப்புறம் திரும்ப ஆரம்பிச்சாங்க. குவைத்துக்கு கிடைச்சது தீர்ப்பு, இவங்களுக்கு கிடைச்சது தயவு, ஒரு கையெழுத்துல நிக்குற தயவு. தடையோ கேஸோ ஜெயிச்சிருந்தாலும் அந்தக் குழில மண்ணு தோண்ட ஆள் வந்திருக்காது. அதனாலதான் நஷ்டஈடு பக்கம் வந்தேன், அதுவும் அளக்குறதுக்கு முதல்ல பணம் குடுக்குற நஷ்டஈடு.

உக்ரைனுக்காக 2023ல ஐரோப்பிய கவுன்சில் மூலமா தி ஹேக்ல ஒரு சேதப் பதிவேடு திறந்திருக்காங்க, இன்னும் யாரு கட்டுவாங்கன்னு முடிவாகல. ஆனா ககோவ்கா படுகையோட சேற இப்பவே எடுத்து வச்சுடணும், அடுத்த வெள்ளம் வந்து அடிச்சிக்கிட்டுப் போறதுக்குள்ள.