இணைப்பை மட்டும் வாங்கிக்கொள்ளும் பயிற்சி நிலையம்: பணம் கட்டும் முன் படியுங்கள்

கோலாலம்பூரில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் இணையவழிக் கணக்கியல் வகுப்பில் 1,900 ரிங்கிட் கட்டிச் சேர்ந்தேன். வகுப்பைப் பற்றி எனக்குக் குறை ஒன்றுமில்லை. பாடம் நடத்தியவர் பொறுமையானவர், தேவைப்பட்ட இடங்களில் தமிழிலும் விளக்கினார். குறையெல்லாம் இறுதி இடுபணியை அந்த நிலையம் வாங்கிக்கொண்ட முறையிலும், அதில் கோளாறு ஏற்பட்டபோது எங்களிடம் நடந்துகொண்ட விதத்திலும்தான். அடுத்த பிரிவுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம் புலனக் குழுக்களில் சுற்றி வருவதால் இதை எழுதுகிறேன்.

அவர்களுடைய தளத்தில் கோப்பை நேரடியாக ஏற்றும் வசதி கிடையாது. கோப்பை நம் கூகுள் டிரைவில் வைத்துக்கொண்டு, இணைப்பை மட்டும் ஒரு பெட்டியில் ஒட்ட வேண்டும். இணைப்பு கையில் உள்ள எவரும் பார்க்கும்படி திறந்து விடக் கூடாது, நிலையம் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு மட்டுமே அனுமதி தர வேண்டும் என்பது அவர்களே எழுத்தில் கொடுத்த விதி. அப்படியே செய்தேன், பச்சைக் குறியும் வந்தது. பெட்டியில் ஏதோ ஓர் இணைப்பு ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அந்தக் குறி காட்டுகிறது. இணைப்பு திறக்கிறதா, உள்ளே கோப்பு இருக்கிறதா என்று தளம் சோதிப்பதே இல்லை.

பிறகு, ‘இடுபணி சமர்ப்பிக்கப்படவில்லை, தேர்ச்சி இல்லை’ என்று முடிவு வந்தது. அலுவலகத்தை அழைத்தேன். “சிஸ்டத்துல ஒண்ணும் இல்லக்கா. பழைய ஃபைல அழிச்சிட்டு, புதுசா ஏத்தி லிங்க் அனுப்புங்க. திரும்ப அனுப்புறதுக்கு 240 ரிங்கிட் கட்டணும்,” என்றார் அங்கிருந்த தம்பி.

இந்த ஆலோசனையைக் கேட்டு நடந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அழித்துவிட்டு மீண்டும் ஏற்றினால் அது புதுக் கோப்பு. அதன் இணைப்பும் புதிது, டிரைவில் அது உருவான தேதியும் கெடு முடிந்த பிறகான தேதியாகவே இருக்கும். உரிய காலத்தில் அனுப்பினோம் என்று காட்ட நம்மிடம் இருந்த சான்று போய்விடுகிறது. அப்படி அழித்தவர்கள் உடனே டிரைவின் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். அழித்த கோப்பு 30 நாள் வரை அங்கே இருக்கும், மீட்டுக்கொள்ளலாம்.

நான் எதையும் அழிக்காமல் பகிர்வு அமைப்பைத் திறந்து பார்த்தேன். நிலையத்தின் முகவரி நான் சேர்த்தபடியே இருந்தது. அதே முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியதும், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. விசாரித்ததில், கெடு முடிந்த கையோடு நிலையம் தன் ஆசிரியர்களை வேறு டொமைனுக்கு, அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வேறு பெயர் வரும் புதுக் கணக்குகளுக்கு, மாற்றிப் பழைய கணக்குகளை மூடிவிட்டது தெரிந்தது. டிரைவில் நாம் தரும் அனுமதி குறிப்பிட்ட கணக்கோடு ஒட்டியது. ஆசிரியர் அதே ஆளாக இருந்தாலும் புதுக் கணக்கிலிருந்து திறந்தால் ‘அனுமதி தேவை’ என்ற பக்கம்தான் வரும். அந்தப் பக்கத்திலேயே அனுமதி கோரும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியிருந்தால் எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கும், அப்போதே திறந்து விட்டிருப்பேன். யாரும் அழுத்தவில்லை. தாங்கள் செய்த மாற்றத்தால் திறக்க முடியாமல் போன கோப்புக்கு மாணவர்களிடம் பணம் வசூலிப்பதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

இணைப்பை மறைநிலைச் சாளரத்தில், அதாவது நம் கூகுள் கணக்கில் நுழையாத உலாவிச் சாளரத்தில், திறந்து பார்த்தால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள். எல்லோருக்கும் திறந்து வைத்த கோப்புக்குத்தான் அந்தச் சோதனை பொருந்தும். ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதி தந்திருந்தால், எல்லாம் சரியாக இருந்தாலும் மறைநிலையில் அது திறக்காது. ஆகவே அனுப்பிய அன்றே இடுபணியை பி.டி.எஃப். ஆகப் பதிவிறக்கி நிலையத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பி, திறந்தது என்று எழுத்தில் பதில் கேளுங்கள். கணினியில் உள்ள டிரைவ் கோப்புறையிலிருந்து ‘ஜிடாக்’ என்று முடியும் கோப்பை அப்படியே இணைத்துவிடாதீர்கள். அது ஆவணத்துக்கு வழிகாட்டும் குறிப்பு மட்டுமே, எழுதிய எதுவும் அதற்குள் இருக்காது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே இலவசமாக 15 ஜி.பி. இடம் தரப்படுகிறது. அது நிரம்பிக் கிடந்தால் புது மின்னஞ்சல் உள்ளே வராமல் போகலாம், ஆசிரியர் அனுமதி கேட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

சான்றிதழ் தர மறுத்ததால், கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு செய்தேன். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்த மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பகிர்வு அமைப்பின் படம், திரும்பி வந்த மின்னஞ்சல், கடைசியாகத் திருத்திய தேதி தெரியும் பக்கம், நிலையம் எழுத்தில் கொடுத்த விதி ஆகியவற்றை இணைத்தேன். மனு கையில் கிடைத்த பிறகுதான் நிலையம் அழைத்து, எனக்கு மட்டும் 240 ரிங்கிட்டைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னது. நான் ஒப்புக்கொள்ளவில்லை, மனு நிலுவையில் இருக்கிறது. ஏற்கெனவே அந்தத் தொகையைக் கட்டியவர்கள் ரசீதோடு தனியே மனு செய்யலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.