வேப்பெண்ணெயா, இஞ்சி பூண்டா, மஞ்சள் அட்டையா, வெறுங்கையா?

எங்கள் மொட்டைமாடியில் 22 பைகள். தென்னைநார்க் கழிவு, செம்மண், மண்புழு உரம் கலந்து நிரப்பியவை. மதுரை வெயிலுக்குப் பயந்து பாதி இடத்துக்குப் பச்சை வலை கட்டியிருக்கிறேன். காலை ஆறரைக்குக் காபி டம்ளரோடு மேலே போனால் இறங்க ஏழேகால் ஆகிவிடும். அதற்குள் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நேற்று சுண்டுவிரல் அளவிருந்த வெண்டை இன்று பறிக்கும் பதத்துக்கு வந்திருக்கும். இன்று விட்டால் நாளை முற்றிவிடும். இருப்பதோ மூன்று காய். மூன்று வெண்டைக்காயை வைத்து என்ன பொரியல் செய்வது? சாம்பாரில் போட்டு, ஆளுக்கொரு துண்டாவது தட்டில் விழும்படி பார்த்துப் பரிமாறுவார்கள் வீட்டில். கடையில் கால் கிலோ வாங்குகிற காசுக்கு இந்தக் கூத்து தேவையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

பூச்சியும் இதே முக்கால் மணி நேரத்தில்தான் கண்ணில் படும். பட்டதும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சுற்றிச் சுற்றி வருவது நான்குதான்: வேப்பெண்ணெய்க் கரைசல், இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல், பசை தடவிய மஞ்சள் ஒட்டு அட்டை, கையால் பிடுங்கிப் போடுவது. நான்கையும் இதே மாடியில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று. எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் சண்டைதான் வரும். எந்தப் பூச்சிக்கு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

மாவுப்பூச்சியிலிருந்து தொடங்குகிறேன், என்னை அதிகம் அழவைத்தது அதுதான். செம்பருத்தியில் ஆரம்பிக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல் ஒரு துளி வெள்ளை. மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற அது கத்தரிக்கும் தக்காளிக்கும் தாவும். தானாக மட்டும் தாவுவதில்லை. பக்கத்தில் எறும்பு வரிசை போகிறதா என்று பாருங்கள். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், குஞ்சுகளை அடுத்த செடிக்குத் தூக்கியும் போகும்.

இதன்மேல் இஞ்சி பூண்டுக் கரைசலை அடித்தால் மாடி முழுக்க ஊறுகாய் வாசம் வரும், பூச்சி இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடுகிறது. மஞ்சள் அட்டையும் இங்கே வீண், பறக்காத பூச்சி அட்டையைத் தேடி எப்படி வரும்? போட்டி வேப்பெண்ணெய்க்கும் கைக்கும்தான். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து இடுக்கு இடுக்காகத் தேய்த்துவிட்டு, மறுநாள் மாலை எண்ணெய் அடித்தால் கேட்கிறது. தேய்க்காமல் எண்ணெயை மட்டும் அடித்தபோது பத்து நாளில் திரும்பி வந்துவிட்டது.

பிரஷ்ஷை எடுக்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே அதைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளைக் குஞ்சம் தொங்க, ஒன்று விறுவிறுவென்று நடந்தால் அதை விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு அது. இரண்டு வருடம் அதையும் சேர்த்து நசுக்கியவன் நான். இந்த மாதிரி கூட்டாளிகளின் பலம் தெரிய வேண்டுமானால் கோவைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். 2008இல் அங்கே முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. எந்த மருந்துக்கும் சரியாக அடங்காதது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஊசிமுனை அளவு ஒட்டுண்ணிக் குளவிக்கு அடங்கியது. கண்டதையும் அடித்தால் இவைதான் முதலில் சாகும்.

வேப்பெண்ணெயில் பாதிப் பேர் தவறுவது கலக்கும் இடத்தில். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் அது மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் சுத்த எண்ணெய் வரும், எண்ணெய் விழுந்த இலை கருகும். முதலில் எண்ணெயோடு காதி சோப்புக் கரைசலைச் சேர்த்து வெள்ளையாகப் பால்போல ஆகும்வரை குலுக்க வேண்டும், பிறகுதான் தண்ணீர். பயிர்ப் பரிந்துரைகளில் 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மி.லி. என்று இருக்கும். பையில் வளரும் இளஞ்செடிக்கு நான் 5 மி.லி.யில்தான் தொடங்குவேன், 10 மி.லி.க்கு மேல் போனதில்லை. அடிப்பது சாயங்காலம், அதுவும் இலைக்கு அடிப்பக்கம். பூச்சியை அடக்கும் வேம்பின் சத்தான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும், தேனீயும் அந்நேரம் கூடு திரும்பியிருக்கும். ஒரு சித்திரையில் அவசரப்பட்டுக் காலை பதினொரு மணிக்கு அடித்தேன். மறுநாள் அவரைக்கொடி இஸ்திரிப் பெட்டி வைத்த துணிபோல இருந்தது.

இன்னொன்று, வேம்பு அடித்தவுடன் கொல்லாது. பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளர விடாமல் தடுக்கும். மூன்று நான்கு நாள் பொறுக்க வேண்டும். மறுநாளே "ஒண்ணும் சாகலையே" என்று இரட்டிப்பு அளவில் அடிப்பவர்கள் செடியைத்தான் கொல்கிறார்கள். வேப்பங்கொட்டை கிடைக்கிற ஊர்க்காரர்களுக்கு எண்ணெயே வேண்டாம். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, சோப்புக் கலந்து அடிக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் தெளிப்பானில் அடைப்பெடுக்கும் பொறுமை வாரநாளில் இருப்பதில்லை.

வெள்ளை ஈ விஷயம் வேறு. வெண்டை இலையை லேசாகத் தட்டினால் சாம்பல் பறப்பதுபோலக் கிளம்பும். சாறு குடிப்பது போகட்டும், மஞ்சள் நரம்புத் தேமல் நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவதும் இதுதான். இலை நரம்புகள் மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அந்தச் செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்க வேண்டியதுதான். பூவிட்டிருக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒன்றை விட்டுவைத்தேன். இரண்டு வாரத்தில் ஆறு செடியும் மஞ்சள், காயெல்லாம் வெளிறிக் கட்டையாக வந்தது.

இங்கேதான் மஞ்சள் அட்டைக்கு மரியாதை. செடியின் உச்சிக்கு ஒரு சாண் மேலே கட்டினால் வெள்ளை ஈ, சாறு குடிக்கும் அசுவினியில் சிறகு முளைத்தவை, இலையில் கோலம் போடும் துளைப்பானின் ஈ எல்லாம் வந்து ஒட்டும். ஆனால் இது காவல்காரன், போர்வீரன் அல்ல. அட்டை நிறைய ஒட்டியிருக்கிறதே என்று மகிழாதீர்கள், செடியில் அதைவிட நிறைய இருக்கிறது என்று அர்த்தம். நான் வாராவாரம் அட்டையைப் பார்ப்பேன். எண்ணிக்கை ஏறினால் அன்று மாலையே வேப்பெண்ணெய். மஞ்சள் பெயிண்ட் அடித்த டப்பா மூடியில் விளக்கெண்ணெய் தடவியும் வைக்கலாம், வேலை செய்கிறது, ஆனால் எங்கள் தெருப் புழுதியில் மூன்றாம் நாளே பழுப்பாகிவிடும். சுவரோரமாகக் கட்டாதீர்கள். ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு, சமையல் எண்ணெய் தடவி விடுவிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கத்தரியில் நான்கு போட்டியாளர்களில் மூவர் தோற்கிறார்கள். காலையில் பார்த்தால் செடி முழுக்கச் செழிப்பு, ஒரு கொழுந்து மட்டும் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று ஊற்றுவார்கள். அந்தக் கொழுந்தைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். காயில் என்றால் ஊசித்துளை, துளை வாயில் எச்சம். இதுதான் தண்டு, காய்த்துளைப்பான். முட்டை பொரிந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விடும், அதற்குப் பிறகு வெளியே எதை அடித்தாலும் அதற்கு மழை பெய்ததுபோலத்தான். இந்த ஒரு புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயே உருவானது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. அத்தனை பெரிய சண்டைக்குக் காரணமான பூச்சியை 50 மி.லி. பூண்டுத் தண்ணீரில் விரட்டப் பார்த்திருக்கிறேன் நான்.

கத்தரிக்குக் கத்தரிக்கோல்தான். வாடிய நுனிக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிட வேண்டும். உரக்குழியில் போட்டால் அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். வாரம் இரண்டு தடவை இதைச் செய்ததும் சேதம் பாதிக்குப் பாதி குறைந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு படி மேலே போய், கிழிந்த கொசுவலையைத் தைத்துப் பிஞ்சு விட்ட செடிக்கு மாட்டிவிட்டார். "என்னத்துக்குத் தம்பி ராப்பகலா மருந்து அடிக்கிறீக? கொசுவுக்குக் கட்டுறதை இதுக்கும் கட்ட வேண்டியதுதானே" என்றார். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் வலைக்குள்ளும் காய் பிடித்தது. அவர் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது, அதில் ஒரு காயில்கூடத் துளை இல்லை.

பாகலுக்கும் மூடுவதுதான் வழி. பிஞ்சு விரலளவு இருக்கும்போதே பழைய வேட்டித் துணியில் பை தைத்து மாட்டினால் பழ ஈ முட்டையிட முடியாது. பொறி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப்பொருள் வைத்த பொறி மாம்பழ ஈக்கு உரியது. பாகல், புடலை, பீர்க்கு ஈக்குக் கியூலூர் என்ற வேறொரு கவர்ச்சிப்பொருள் வேண்டும். மாற்றி வாங்கிக் கட்டிவிட்டுப் பொறியே மோசடி என்று நானும் ஒரு பருவம் திட்டினேன்.

இஞ்சி பூண்டுக் கரைசலை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். கீரையைக் கடிக்கும் வெட்டுக்கிளிக்கும் சின்னப் புழுவுக்கும் இரண்டு மூன்று நாள் காரம் பிடிக்கும். மழை பெய்தால் போச்சு. அரைக்கிற வேலை, வடிகட்டுகிற வேலை, கண்ணில் பட்டால் அரைநாள் கழுவுகிற வேலை எல்லாம் கணக்கில் வரும். காரம் கூட்டப் புகையிலையும் சேர்க்கச் சொல்வார்கள். நிகோடின் நஞ்சு, வீட்டில் தின்கிற கீரையில் எனக்கு அது வேண்டாம். தக்காளிக்குப் புகையிலைத் தேமல் நோய் அந்த வழியாகவே தொற்றலாம்.

அவரை அசுவினிக்கு என் ஆச்சி விடிகாலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவார். கேஸ் அடுப்பு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்தி இலையடியில் பீய்ச்சுகிறேன். அசுவினி கொட்டிவிடுகிறது, வெயில் காலத்தில் வரும் சிவப்புச் சிலந்திப்பேனும் ஈரம் கண்டால் அடங்குகிறது. செலவு பூஜ்யம்.

இப்போது மாடிப்படி முடிவில் ஓர் ஆணியில் கத்தரிக்கோலும் பழைய பிரஷ்ஷும் தொங்குகின்றன. அவை தினமும் இறங்குபவை. வேப்பெண்ணெய்ப் புட்டி அலமாரியில், பத்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் அட்டை சொன்னால்தான். மிக்ஸியை வீட்டுக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அணிலுக்கு இந்த நான்கில் ஒன்றும் கிடையாது. தக்காளி முனையில் லேசாகச் சிவப்பு ஏறியதுமே பறித்து அரிசிப் பானையில் போட்டுவிடுகிறேன். முந்தாநாள் ஒன்றைச் செடியிலேயே பழுக்கட்டும் என்று விட்டேன். காலையில் பாதி இருந்தது.