ஸ்மார்ட் சுவிட்ச் போட்டவர்கள் இன்றைக்கே ஈஎல்சிபி பட்டனை அழுத்திப் பாருங்கள்

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். போன நவம்பரில் பாலக்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வீட்டு ஆட்டோமேஷன் ஆர்வலர்கள் கூடினார்கள். அங்கே வாசல் பக்கம் இருந்த மேசையில் பணம் கட்டி, வீட்டில் போனிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், எழுந்து போய் மெயின் பெட்டியைத் திறந்து ஈஎல்சிபியில், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்சில், இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். வீடு முழுக்கக் கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். எங்கள் வீட்டில் நாலு மாதம் அந்த ஈஎல்சிபி செத்துக் கிடந்தது, எங்களுக்குத் தெரியவே தெரியாது.

நாங்கள் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நான் தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியை. கணவருக்குக் கோயமுத்தூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் நானும் அப்பாவும், பத்தாவது படிக்கும் மகனும். போர்வெல் மோட்டார் அறை தென்னந்தோப்பைத் தாண்டி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இந்த மூலையில் தண்ணீர்க் கஷ்டம் எப்படி என்று சித்தூர் தாலுகாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் போர் 480 அடி. கொஞ்ச நேரம் ஓடினால் தண்ணீர் இறங்கிவிடும், நிறுத்தி ஊற விட்டு மறுபடி போட வேண்டும். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. ராத்திரியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர்தான் போய் மோட்டார் போடுவார், நிறுத்துவார். போன மழைக்காலத்தில் வரப்பில் கண்ணாடி விரியனைப் பார்த்ததிலிருந்து அவர் திரும்பி வரும்வரை எனக்கு உயிர் கையில் இருக்காது. வீட்டுக்குள் இருந்தே மோட்டாரை இயக்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் நான் தேடியது.

அந்தச் சந்திப்பு நல்ல சந்திப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. பாலிடெக்னிக் பையன்கள், ரிட்டயரான என்ஜினியர்கள், துபாயிலிருந்து திரும்பியவர்கள் என்று நிறையப் பேர் சொந்தமாகச் செய்ததைக் கொண்டுவந்து காட்டினார்கள். பாதிப் பேச்சு மலையாளம், பாதி தமிழ். ஒரு தம்பி உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளை ஓட்டிக் காட்டினார். 2013-ல் பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் தொடங்கியது, இலவசம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றார். அப்புறம் எல்லோர் முன்னாலும் மோடத்துக்கு வரும் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு, போனிலிருந்து விளக்கைப் போட்டார், அணைத்தார். வீட்டு விளக்கு எரிய வெளியூர் சர்வர் எதற்கு என்று அவர் கேட்டது எனக்குப் பளிச்சென்று புரிந்தது. வீட்டுக் கருவிகளை இணைத்து இயக்கும் ரிவால்வ் என்ற ஹப் பெட்டியின் கதையையும் அவர்தான் சொன்னார். 2014-ல் நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது, காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் அந்தப் பெட்டி ஒன்றுக்கும் ஆகாமல் போனது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வெளியே வந்தால், வாசலில் அந்த மேசை. ஆறு சுவிட்ச் வைத்த ஒரு பலகை, ஒரு ஃபேன், இரண்டு பல்பு. கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தவர் நன்றாகப் பேசினார். "டீச்சர், உள்ள காட்டுனதெல்லாம் நீங்களே சோல்டர் வச்சு உட்காரணும். நாங்க அதையேதான் ரெடிமேடா மாட்டிக் குடுக்கறோம்" என்றார். அந்த 'அதையேதான்' என்ற சொல்லை நான் நம்பினேன். உள்ளே இருந்தவர்கள் பார்த்து, சரி என்று சொல்லித்தான் இவரை உட்கார வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மண்டப வாடகைக்காக மேசையை வாடகைக்கு விட்டார்கள் என்பதும், அவர் பொருளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பதினோரு இடத்தில் சுவிட்ச், மோட்டாருக்குத் தனியாக ஒன்று, மொத்தம் 41,000 ரூபாய். அன்றைக்கே 30,000 அனுப்பினேன். கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனியாளின் போன் நம்பருக்கு. கையில் கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட ஒரு தாள். அதில் ஜிஎஸ்டி எண் என்று ஒரு சீல் இருந்தது. ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து வேண்டும், முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துடையது: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அந்தச் சீலில் 33 என்று தொடங்கி மொத்தம் 13 எழுத்துதான் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தது ஏப்ரலில்.

அடுத்த வாரம் இரண்டு பையன்கள் வந்தார்கள். எங்கள் வீடு 1994-ல் கட்டியது. அந்தக் காலத்து வயரிங்கில் பிளக் பாயின்ட் இல்லாத சுவிட்ச் பெட்டிக்குள் பெரும்பாலும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, வராது. கரண்ட் வரும் பேஸ் கம்பி மட்டும் வந்து, சுவிட்சைத் தாண்டி விளக்குக்குப் போகும், நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். வைஃபை சுவிட்ச் அப்படி இல்லை. உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும், அதற்கு நியூட்ரலும் வேண்டும். இதை விற்பவர் முதலிலேயே வீட்டைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏழு பெட்டியில் நியூட்ரல் இல்லை. புதிதாக வயர் இழுக்க வேண்டும் என்று அந்தப் பையன்கள் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டு, போனில் எல்லாம் எரிவதைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஈஎல்சிபி விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. போன் செய்ததும் மறுநாளே ஒரு பையன் வந்தான். மெயின் பெட்டிக்குள் பத்து நிமிஷம் ஏதோ செய்தான். "ஈஎல்சிபி பழசாயிருச்சுங்க மேடம், சரி பண்ணிட்டேன், இனி விழாது" என்றான். அப்புறம் விழவே இல்லை. நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரியில் மோட்டார் போனது. அது 1.5 ஹெச்பி. ஓடும்போது பத்து ஆம்பியர் பக்கம் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. அவர்கள் ஸ்டார்ட்டர் பெட்டியை ஓரங்கட்டிவிட்டு, '16 ஆம்பியர்' என்று எழுதிய ஒரு சின்ன ரிலே மாட்யூலை, அதாவது போன் சொன்னபடி கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்சை, வைத்து மோட்டாரை நேராக அதில் கொடுத்திருந்தார்கள். அந்த 16 ஹீட்டர் மாதிரிச் சுமைக்குச் சொன்ன கணக்கு, மோட்டாருக்கு இல்லை. நடுவில் கான்டாக்டர் என்கிற கனமான சுவிட்சை வைத்து, ரிலே அதை மட்டும் இயக்கும்படி செய்திருக்க வேண்டும். ஒரு ராத்திரி ரிலேக்குள் இருந்த முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. நான் போனில் அணைத்தேன், போனும் 'ஆஃப்' என்று காட்டியது. மோட்டார் மட்டும் தண்ணீர் இறங்கிப்போன போரில் விடியும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை முழுக்க மேலே தூக்கி, மோட்டாரின் காயிலைப் புதிதாகக் கட்டி, மறுபடி இறக்க 17,500 ரூபாய் ஆனது. 'உங்க ஊர் வோல்டேஜ் சரியில்லை' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு காலை அப்பா அடுக்களையிலிருந்து கூப்பிட்டார். "கண்ணு, ஃபிரிட்ஜைத் தொட்டா சுருக்குங்குது." ஈரக்கை, வெறுங்கால். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். எங்கள் பழைய வயர்மேன் அண்ணன் வந்து ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். பார்த்ததும் எதுவும் பேசாமல் அடுத்த பெட்டியையும் கழற்றினார். ஏழாவது பெட்டியைப் பார்த்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நியூட்ரலுக்குப் பதிலா எர்த்தைக் குடுத்திருக்கானுங்க. இத்தனை நாளா இதுலயா இருந்தீங்க?"

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் இந்தப் பதிவின் உயிர். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ஈஎல்சிபி எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். வீடுகளில் போடுவதில் அந்த வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தாண்ட விடாது, விழுந்துவிடும். மனிதன் உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தாலும் காப்பாற்றுவது அதுதான். எங்கள் வீட்டில் ஏழு பெட்டியிலும் சுவிட்சின் கரண்ட் நியூட்ரலில் திரும்பாமல், மண்ணுக்குள் போகும் எர்த் கம்பியில் இறங்கியது. ஒவ்வொன்றும் சில மில்லிஆம்பியர்தான், ஏழும் சேர்ந்ததும் ஈஎல்சிபி விழுந்தது. அதாவது அது பழசாகவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்தது. அந்தப் பையன் செய்தது என்ன என்றால், ஈஎல்சிபிக்குப் போன வயர்களைக் கழற்றி, மெயினிலிருந்து நேராக வீட்டுக்கு இணைத்துவிட்டான். பெட்டியில் ஈஎல்சிபி இருந்தது, லீவரும் மேலே நின்றது, ஒரு வயர்கூட அதில் இல்லை. மழைக்காலத்தில் எர்த் குழி ஈரமாக இருந்ததால் கரண்ட் மண்ணுக்குள் போய்விட்டது. மார்ச்சில் மண் காய்ந்ததும் போக வழி இல்லாமல் எர்த் கம்பியிலேயே நின்றது. அந்தக் கம்பி ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்போடும் இணைந்தது.

பாம்புக்குப் பயந்து அப்பாவை வீட்டுக்குள் வைத்தேன். வீட்டுக்குள் இதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, நல்ல பெட்டிகள் நாலையாவது என் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மகன் பார்த்தான். அப்போதுதான் தெரிந்தது, ஆப்பில் வீட்டு உரிமையாளராக இருப்பது அவர்களுடைய எண். நாங்கள் வெறும் உறுப்பினர். மோட்டார் அறையில் அவர்கள் வைத்த மோடத்தின் சிம்மும் அவர்கள் பெயரில். எங்கள் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது, எந்த நாளில் ஒன்றுமே எரியவில்லை என்பதெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் போனில் தெரிந்துகொண்டிருந்தது. மாற்றித் தர வருஷத்துக்கு 3,600 ரூபாய் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அடுத்த நாள் எங்களை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"நீங்க கேரளா, நாங்க கோயமுத்தூர். கேஸ்னா இங்க வந்துதான் அலையணும்" என்றார் அந்த மனிதர் கடைசி போனில். எல்லையில் இருக்கும் நம்மிடம் பலரும் சொல்கிற வார்த்தை இது, உண்மை இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிந்தேன், அப்புறம் பாலக்காட்டில் புகார் கொடுத்தேன். எங்கள் பள்ளி மலையாள டீச்சர்தான் எழுதித் தந்தார். எஸ்டிமேட் தாள், பணம் அனுப்பிய விவரம், வயர்மேன் அண்ணன் கழற்றும்போது மகன் எடுத்த படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறோம். நோட்டீஸ் போயிருக்கிறது. விசாரணை இன்னும் தொடங்காததால் அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை.

ஹோம் அசிஸ்டன்ட் காட்டிய அந்தத் தம்பியை எப்படியோ தேடிப் பிடித்தேன். விஷயத்தைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். வயர்மேன் அண்ணனும் அவருமாகச் சேர்ந்து ஸ்டார்ட்டரைப் பழையபடி வைத்து, கான்டாக்டர் போட்டு, தண்ணீர் இறங்கினால் மோட்டார் தானாக நிற்கும்படி செய்தார்கள். சுவிட்சுகள் பழைய சுவிட்சாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். சந்திப்பு நடத்தியவர்களிடம் அந்தத் தம்பி மூலமாகவே கேட்டிருக்கிறேன்: அடுத்த முறை விற்கிறவர் மேசை போட்டால், உள்ளே இருப்பவர்களில் ஒருவராவது அந்தப் பொருளைத் திறந்து பார்த்துவிட்டு இடம் கொடுங்கள். இல்லையென்றால் 'இதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை' என்று மேசையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

அந்த மேசையில் வாங்கிய இரண்டு வீடுகளை இதுவரை கண்டுபிடித்திருக்கிறோம். ஒரு வீட்டில் எல்லாப் பெட்டியிலும் நியூட்ரல் இருந்தது, பிரச்சினை இல்லை. சித்தூர்ப் பக்கம் இருக்கும் இன்னொரு வீட்டில் எங்கள் வீட்டைப் போலவே ஈஎல்சிபி வயர் கழற்றிக் கிடந்தது. அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்று பணம் கட்டினார். பச்சைக் கரை போட்ட செட்டு முண்டு, கூட எட்டு ஒன்பது வயதில் ஒரு பேத்தி. வேலந்தாவளத்திலிருந்து வருகிறோம் என்று பேத்திதான் சொன்னாள். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.